கைரேகை கேட்ட ஊரில் சாவி கேள்!

தம்பி, உன் தாத்தாவின் தூக்குவாளியைக் கவிழ்த்துப் பார்த்த ஊர் இது. ஷிஃப்ட் முடிந்து, கூண்டில் ஏறி மேலே வந்து, கண் வெளிச்சத்துக்குப் பழகும் முன்பே அவரைச் சோதனைக்கு நிறுத்தினார்கள். மடியில் ஒரு துண்டு தாதுக் கல் இருந்துவிடுமோ என்ற பயம். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையைப் பிளந்துவிட்டு வந்த மனிதனுக்கு மேலே கிடைத்த முதல் வரவேற்பு சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தை இன்னும் எத்தனை நாள் நீ சுமப்பாய்?

1930ல் இன்னொன்றும் நடந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று விதி வந்தது. ரேகை வாங்குவது திருடனிடம்தானே? கோலார் தங்கவயல் கொதித்தது. மூன்று வாரம் வேலைநிறுத்தம். கூலி இல்லை, அடுப்பு எரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் மூன்று வாரம். எழுத்து தெரியாத கூலிகள் என்று யாரை நினைத்தார்களோ, அவர்கள்தான் ஒரு கட்டைவிரல் மசியில் இருந்த அவமானத்தைப் பிழையில்லாமல் படித்தார்கள்.

அவர்கள் பேரன் நீ. விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறுகிறாய். ஒயிட்ஃபீல்டு வரை நின்றுகொண்டே போகிறாய். யாரோ ஒருவருடைய கிடங்கில் யாரோ ஒருவருடைய பெட்டியை இறக்கிவிட்டு, இரவு திரும்பும்போது நம் பாலகாட் சுரங்கப் பகுதியின் இருட்டைப் பார்த்து, “இங்க என்னண்ணா இருக்கு?” என்கிறாய். 2001 பிப்ரவரி 28ல் மூடியது சுரங்கம். உன் புத்திக்கு யார் பூட்டுப் போட்டார்கள்?

நீ பெட்டி இறக்கும் அந்தக் கிடங்கின் வாசலில் ஒரு பலகை பார்த்திருப்பாய். சுங்கத்துறையின் உரிமம் பெற்ற பாண்டட் கிடங்கு என்று எழுதியிருக்கும். அதே பலகையை நம் ஊரில் மாட்டினால் என்ன? எப்படி மாட்டுவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கைதட்டல் வாங்கும் பேச்சு எனக்கும் வரும். ஆனால் சட்டப் பிரிவு தெரியாத தன்னம்பிக்கைக்குச் சுங்க அலுவலகப் படிக்கட்டிலேயே வியர்த்துவிடும்.

முதலில் தொழிலைப் புரிந்துகொள். வெளிநாட்டிலிருந்து ஓர் இயந்திரம் வருகிறது. வரி பத்து லட்சம் என்று வைத்துக்கொள். வாங்கியவர் கையில் இன்று அந்தப் பணம் இல்லை; அல்லது இயந்திரமே மூன்று மாதம் கழித்துத்தான் தேவை. துறைமுகத்தில் கிடந்தால் வாடகையும் டெமரேஜும் ஏறும். அதனால் சரக்கை ‘பாண்டில் போடுகிறார்’. ‘இன்-பாண்ட் பில் ஆஃப் என்ட்ரி’ என்ற இறக்குமதி ஆவணத்தைத் தாக்கல் செய்து, வரியைப்போல் மூன்று மடங்குக்கு, அதாவது முப்பது லட்சத்துக்கு, அரசுக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு உரிமம் பெற்ற கிடங்குக்குச் சரக்கை நகர்த்துகிறார். வழியில் கன்டெய்னருக்கு ‘ஒன் டைம் லாக்’. அதற்குச் சாவி கிடையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். கிடங்கில் முதல் 90 நாளுக்கு வட்டி இல்லை. அதற்கு மேல் வரித்தொகைக்கு ஆண்டுக்கு 15 சதவீதம். பொதுவாக ஓராண்டு வைத்திருக்கலாம், சுங்க ஆணையர் நீட்டித்தும் தரலாம். வேண்டும்போது எக்ஸ்-பாண்ட் பில் போட்டு, அன்றைய விகிதத்தில் வரி கட்டி எடுத்துப் போகலாம். அங்கிருந்தே மறுபடி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் இறக்குமதி வரியே இல்லை.

இது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த வித்தை என்று நினைத்துவிடாதே. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் ஏற்றுமதி, இறக்குமதி மூட்டைகள் குவிந்து கிடந்ததையும், சுங்கம் கொள்வோர் அவற்றில் சோழனின் புலி முத்திரை இட்டதையும் பட்டினப்பாலை காட்டுகிறது. அந்தப் புலிக்கு வயதாகி, இன்று பில் நம்பராக நிற்கிறது. (சுங்கம் தவிர்த்த சோழன் திரும்ப வந்துவிட்டால் நம் தொழில் போயிற்று. அவர் வர மாட்டார் என்ற தைரியத்தில் மேலே போவோம்.)

இப்போது முக்கியமான கேள்வி. கிடங்குக்குள் இருக்கும்வரை அந்தச் சரக்கு யார் பொறுப்பு? 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 73ஏ பிரிவை எடுத்துப் படி. உரிமம் வைத்திருப்பவரின் பொறுப்பு. ஒரு பெட்டி முறைகேடாக வெளியே போனால் வரியும் வட்டியும் அபராதமும் அவர் தலையில். நாட்டுக்கு வரவேண்டிய வரியை, இந்த அரசு ஒரு தனி மனிதனின் பூட்டுக்குள் விட்டுவைக்கிறது. புரிகிறதா தம்பி? உன் தாத்தாவின் மடியில் ஒரு கல்லை நம்பாத ஊரில், ஒரு கன்டெய்னர் சரக்கை உன் பொறுப்பில் விட ஒரு சட்டம் இருக்கிறது. கேட்காமல் தூங்குகிறாயே!

2016 மே 14க்கு முன்னால் இதை எழுதியிருந்தால் உன்னை ஏமாற்றியவனாகியிருப்பேன். அதுவரை அந்தச் சட்டத்தில் 9ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஓர் ஊரை முதலில் ‘வேர்ஹவுசிங் ஸ்டேஷன்’ என்று அரசு அறிவிக்க வேண்டும். அறிவிப்பு வந்த ஊரில்தான் கிடங்குக்கு உரிமம். சுரங்கக் கழிவான சயனைட் மேட்டின் தூசி பறக்கும் பாலகாட்டுக்கு யார் வந்து அறிவிப்பார்கள்? அந்த ஆண்டின் நிதிச் சட்டம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. அதிகாரி கிடங்கு வாசலில் உட்கார்ந்து பூட்டித் திறக்கிற வழக்கமும் சாதாரணக் கிடங்குகளுக்குப் போய்விட்டது. இப்போது கணக்கேடுதான் காவல்காரன். ‘உன் ஊருக்குத் தகுதி உண்டா’ என்று சட்டம் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. நீதான் இன்னும் கண்ணாடி முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

கேட்டால் கொடுப்பார்களா என்று இழுக்கிறவன் லாவல் கதையைத் தெரிந்துகொள்ளட்டும். பெங்களூரில் லாவல் ரோடு பார்த்திருப்பாய், அந்த லாவல்தான். நியூசிலாந்தில் மாவோரிப் போரில் இருந்துவிட்டு வந்த ஐரிஷ் சிப்பாய். 1873ல் மைசூர் அரசிடம் இந்த மண்ணில் சுரங்க உரிமம் கேட்டார். தங்கமெல்லாம் தேறாது, வேண்டுமானால் நிலக்கரி தேடு என்கிற தோரணையில் பதில் வந்தது. அவர் விடவில்லை. மறுபடி எழுதினார். 1875ல் இருபதாண்டு உரிமம் அவர் கையில். சரி, அப்புறம்? கையில் முதல் இல்லை. தோண்ட முடியாமல் உரிமையைக் கைமாற்றிக் கொடுத்தார். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் தங்கவயல் தங்கவயல் ஆனது. மேடையில் பேசுகிறவர்கள் கதையின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு இரண்டாம் பாதிதான் பெரிதாகப் படுகிறது. காகிதம் மட்டும் வந்தால் போதாது, அதைத் தாங்கும் தோள் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லாவல் வெள்ளைத்தோல்காரர். அன்றைக்கு நம் ஆள் ஒருவன் மனுவோடு போயிருந்தால் வாசல் சிப்பாயே திருப்பியனுப்பியிருப்பான். இன்றைய விதியில் கேட்பது வேறு. விண்ணப்பிப்பவர் இந்தியக் குடிமகனா, அல்லது இந்தியாவில் பதிவான நிறுவனமா? திவாலானவரா? குற்றத்தில் தண்டனை பெற்றவரா? சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எந்த லைன் வீட்டில் பிறந்தாய், என்ன சாதி, அப்பா எந்த ஷாஃப்டில் வேலை பார்த்தார் என்று ஒரு கட்டமும் அந்தப் படிவத்தில் இல்லை. உன் பாட்டனார் காலத்துக்கும் உன் காலத்துக்கும் இடையே உள்ள தூரம் அந்த இல்லாத கட்டம்தான். அதை நடந்து கடக்க உனக்குக் கால் இல்லையா?

சரி, தோள் பேச்சுக்கு வருவோம். 57ஆம் பிரிவில் பொதுக் கிடங்கு. எந்த இறக்குமதியாளரும் வாடகை கொடுத்துச் சரக்கு வைக்கலாம். 58ல் தனியார் கிடங்கு. உரிமம் வாங்கியவர் தன் இறக்குமதியை வைத்துக்கொள்ள. பொதுக் கிடங்கு கேட்டால் ஆணையர் சொல்லும் தொகைக்கு வங்கியிடம் கடன் தீர்க்கும் திறனுக்கான சால்வன்சி சான்று வாங்கி வைக்க வேண்டும். தனியார் கிடங்குக்கு அந்தச் சுமை இல்லை. இரண்டுக்கும் காப்பீடு உண்டு: தீ, திருட்டு, கலவரம், இயற்கைச் சீற்றம் எல்லாம் சேர்த்து, சரக்கின் வரித்தொகை அளவுக்கு, இந்தியக் குடியரசுத் தலைவர் பெயருக்கு. ஆமாம், அவர் பெயருக்குத்தான். பாலகாட்டில் ஒரு ஷெட் எரிந்தால் டெல்லியில் ஒரு மாளிகைக்குக் காசு போகிற மாதிரி பத்திரம் எழுதுகிறாய். சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள், ஆனால் பிரீமியத்தைக் கட்டு.

நிலம். இங்கே பேசாமல் விட்டால் நான் உன் எதிரி. பாலகாட்டிலும் சுரங்கப் பக்கங்களிலும் பெரும்பகுதி நிலம் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பெயரில் கிடக்கிறது. லைன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலியிடத்தில் நாலு தகரம் நிறுத்தி “இது எங்க தாத்தா இருந்த இடம்” என்றால் சுங்கத்துறை கண்ணீர் விடாது. சொந்தப் பத்திரம் வேண்டும்; இல்லையென்றால் முறையான குத்தகைப் பத்திரம். பங்காருப்பேட்டை ரோட்டில், பேத்தமங்கலம் பக்கத்தில் பட்டா நிலம் தேடு. பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை பேத்தமங்கலத்தைத் தொட்டுப் போகிறது. ஒயிட்ஃபீல்டில் சதுர அடிக்குக் கொடுக்கிற வாடகையை இங்கே யார் கேட்கிறார்கள்? நீ எதைப் பின்தங்கல் என்று வெட்கப்படுகிறாயோ, அதைக் கணக்குப் பிள்ளை மலிவு என்று எழுதுவான்.

போன மாதம் ஒரு பையன் என்னை அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனான். அவன் மாமாவின் ஷெட். ஒரு பக்கம் தக்காளி கிரேட்டுகள் இன்னும் அடுக்கியிருந்தன. உள்ளே புளித்த வாசனை. “எலிகூட நுழையாதுண்ணா” என்றான். டேப்பை எடுத்து அளந்தோம். ஷட்டர் கனம்தான், பூட்டும் நல்ல பூட்டு. பின்சுவருக்குப் போனேன். சுவருக்கும் மேல் தகரத்துக்கும் நடுவில் ஓர் இடுக்கு. கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று. அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான்.

“உன் வரைபடத்தைக் காட்டு.”

செல்போனில் காட்டினான். முன் ஷட்டர், ஆபீஸ் அறை, சரக்கு இடம், எல்லாம் ரூலர் வைத்து அழகாகப் போட்டிருந்தான். ஓரத்தில் போர் மோட்டாருக்குப் போகிற குட்டிக் கதவு மட்டும் இல்லை.

“அது தண்ணிக்குப் போற வழிண்ணா, அதெல்லாம் கணக்கில்ல.”

“சுங்கத்துக்கு எல்லாக் கதவும் கணக்குதான்டா.”

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கிடங்குக்கு வரைபடம் எழுதியது நான்தான். அதில் ஒரு ஜன்னல் விட்டுப்போயிற்று. கோப்பு ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வந்தது. அதிகாரிகளுக்கு மனசில்லை, நம்மைப் போன்றவர்களுக்குத் தர மாட்டார்கள் என்று ஒரு வாரம் புலம்பினேன். எட்டாவது நாள் ஏணி போட்டு ஏறிப் பார்த்தபோது அந்த ஜன்னலின் கம்பி என் கையோடு வந்துவிட்டது. அவமானத்துக்கும் அலட்சியத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நம்மில் பல பேர் பாதி வாழ்க்கையை அழித்துவிடுகிறோம். 1930ல் நடந்தது அவமானம். அதற்கு வேலைநிறுத்தம் சரி. ஜன்னல் கம்பிக்கு வெல்டர்தான் சரி.

விதி என்ன கேட்கிறது என்று பார். கதவும் ஜன்னலும் கூரையும் உறுதியாக இருக்கட்டும் என்கிறது. யார் உள்ளே வருகிறார்கள் என்று கட்டுப்படுத்து என்கிறது. அதிகாரி வந்தால் சரக்கைப் பிரித்துப் பார்க்க இடமும் ஆளும் வை, வாசலில் பலகை மாட்டு, சரக்கு வந்ததும் போனதும் கணினியில் பதியட்டும், தீயணைப்பு ஏற்பாடு இருக்கட்டும் என்கிறது. இதில் எது உன்னால் முடியாதது? எதற்கு மேல்சாதி வேண்டும், எதற்கு இங்கிலீஷ் மீடியம் வேண்டும்? ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் முந்தின மாதக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஒழுங்கு. ஐந்து வருஷக் கணக்கைப் பத்திரமாக வைத்து, அதன் நகலை வேறோர் இடத்திலும் வைக்கும் ஒழுங்கு. சுரங்கத்தில் ஒரு திரி தவறாக வைத்தால் பத்துப் பேர் சாவு என்று தெரிந்து வேலை செய்த வம்சத்துக்கு ஒழுங்கைப் பற்றி யார் பாடம் எடுப்பது?

உரிமம் வந்த பிறகு, அதைப் பறிப்பதற்கும் வழிமுறை இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து, உன் பக்கத்தைக் கேட்ட பிறகுதான் ரத்து செய்ய முடியும் என்று 58பி பிரிவு சொல்கிறது. ரத்து ஆகும்வரை, அல்லது நீயே திருப்பிக் கொடுக்கும்வரை, உரிமம் செல்லும். வருஷா வருஷம் புதுப்பிக்கக் கும்பிடு போடவேண்டியதில்லை.

“அண்ணா, என்கிட்ட காசே இல்லையே” என்கிறாயா? இப்போதுதான் உனக்கு வேண்டியதைச் சொல்லப்போகிறேன், ரயில் சத்தத்தில் தவறவிடாதே. எந்த பாண்டட் கிடங்குக்கும் ‘வேர்ஹவுஸ் கீப்பர்’ ஒருவரை நியமித்தாக வேண்டும். கிடங்கு வேலையில் அனுபவமும் சுங்க நடைமுறையில் அறிவும் உள்ளவர். ஆவணங்களை மின்னணு முறையில் தாக்கல் செய்ய அவர் பெயரில் டிஜிட்டல் கையொப்பம் வாங்க வேண்டும். நின்று யோசி. இதே மண்ணில் கட்டைவிரலை அழுத்து என்றார்கள், திருடன் என்ற சந்தேகத்தில். இன்று உன் கையொப்பம் இல்லாமல் சரக்கு நகராது என்கிறார்கள், காவலன் என்ற பொறுப்பில். அந்தக் கையொப்பத்தை வாங்குவதற்கு ஷெட் வேண்டாம், கோடி வேண்டாம். நீ இப்போது பெட்டி இறக்கும் இடத்திலேயே தொடங்கலாம். நாளைக்குப் பெட்டியை இறக்கியதும் டீக்கடைக்கு ஓடாதே. கணக்கெழுதுகிறவர் பக்கத்தில் போய் நில். எந்த பில் நம்பருக்கு எந்தப் பெட்டி, எத்தனை வந்தது, எத்தனை போனது, மிச்சம் எத்தனை என்று பார். விரட்டுவார். மறுநாளும் நில். லாவலையும் விரட்டினார்கள்.

கார்மெண்ட்ஸுக்கு அதே ரயிலில் போகும் தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கீப்பர் ஆணாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சுங்க முகவர் அலுவலகங்களில் உதவியாளராகச் சேர்ந்து, தேர்வு எழுதி ‘ஜி கார்டு’ வாங்கலாம். அதற்குப் பிறகு பட்டமும் அனுபவமும் சேர்ந்தால் முகவர் தேர்வே எழுதலாம். அந்தப் படிப்புக்கு ரயிலில் உட்கார இடம் கிடைக்காது என்பது உண்மை. நின்றுகொண்டே படித்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று உன் தெருவிலேயே எண்ணிப் பார்.

வெல்டிங், லேத், ஃபிட்டிங் தெரிந்தவனுக்கு இன்னொரு வாசல். 65ஆம் பிரிவு. 2019ல் இதற்குத் தனி விதிமுறைகளே வந்தன. தனியார் பாண்டட் கிடங்குக்குள்ளேயே பொருள் தயாரிக்கலாம். வெளிநாட்டு இயந்திரத்தை வரி கட்டாமல் உள்ளே கொண்டுவந்து ஓட்டலாம், அது வெளியே போகும்வரை வரியும் காத்திருக்கும், வட்டியும் ஏறாது. செய்த பொருள் ஏற்றுமதியானால் அதில் அடங்கிய மூலப்பொருளின் இறக்குமதி வரி விட்டுப்போகும். பெமல் தொழிற்சாலையில் புல்டோசர் பூட்டிய கைகள் இருக்கிற ஊர் இது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு நிறுவனம் பதிந்து, ஒரு சின்ன பட்டறையை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவர முடியுமா என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து கணக்குப் போட்டீர்களா? போட்டுவிட்டு முடியாது என்றால் ஒத்துக்கொள்கிறேன். போடாமலே முடியாது என்பவனிடம் எனக்குப் பேச்சில்லை.

ஒரு வேடிக்கையையும் கேள். சாதாரணச் சரக்குக்கு அதிகாரி பூட்டு போய்விட்டது என்றேன். ஒரு சில சரக்குக்குப் போகவில்லை. 58ஏ பிரிவில் ‘சிறப்புக் கிடங்கு’. அங்கே பூட்டுவது சுங்க அதிகாரி. அவர் அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே போகவும் முடியாது, எதையும் எடுக்கவும் முடியாது. எந்தச் சரக்கு அது என்று பட்டியலைப் பார்த்தால், முதலில் நிற்பது தங்கம். எண்ணூறு டன் தங்கத்தைத் தோண்டிக் கொடுத்த ஊர், வெளிநாட்டுத் தங்கத்தைப் பத்திரப்படுத்தும் விதியை இப்போது படித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் ஆசை. அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் ஒருநாள் நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் கணக்கேட்டோடு நிற்க வேண்டும். அவனை யாரும் தடவிப் பார்க்கக் கூடாது. அதிகாரி வந்து “இன்னைக்கு இருப்பு என்ன?” என்று அவனிடம் கேட்க வேண்டும்.

அந்தப் பையன் நேற்று போன் செய்தான். வெல்டர் வந்து இடுக்கை அடைத்துவிட்டாராம். தக்காளி கிரேட்டுகளைக் காலி செய்யத்தான் மாமா அறுவடை முடியட்டும் என்கிறாராம். “வரைபடத்தை மறுபடி போட்டுட்டேண்ணா, மோட்டார் கதவோட” என்றான். சனிக்கிழமை காலையில் தீயணைப்பு நிலையத்துக்கு ரெண்டு பேரும் போகிறோம், தடையில்லாச் சான்றுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்க. பைக்கில் இன்னொருவனுக்கு இடம் இருக்காது. நீ பஸ்ஸில் வந்துவிடு.